இறங்கிப்போன கான்கிரீட் தளம்: ராமநாதபுரம் கடற்கரை வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே முறையீடு காதில் விழுகிறது. வாசல் தளம் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. படிக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் சந்து விழுந்துவிட்டது. மழைத் தண்ணீர் தெருவுக்குப் போகாமல் நிலைவாசலுக்கே திரும்பி வருகிறது. கட்டட வேலையில் இருக்கும் எங்களிடம் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மண்மேல் நேராக ஊற்றிய தளங்களைப் பற்றித்தான் பேச்சு: வாசல், கார் நிறுத்துமிடம், கொல்லையில் துவைக்கும் இடம், நடைபாதை, வீட்டுக்குள் இருக்கும் தரை. மாடிக் கூரைக் கான்கிரீட்டுக்கு இவை பொருந்தா.

தளம் ஏன் இறங்குகிறது? சிமெண்டைக் குறைத்துப் போட்டதுதானே காரணம்?

பெரும்பாலும் இல்லை. கொத்தனாரைத் திட்டுவதற்கு முன் ஒரு கணக்கைப் பாருங்கள். 10 அடிக்கு 10 அடி, 4 அங்குலக் கனமுள்ள தளம் ஏறக்குறைய இரண்டேகால் டன் எடை. கேட்கப் பெரிதாக இருந்தாலும், சதுர அடிக்குப் பிரித்தால் 22 கிலோதான் வருகிறது. ஒருவர் வெறும் தரையில் நின்றால் அவருடைய பாதம் மண்ணை அழுத்துவது இதைவிடப் பல மடங்கு. ஒழுங்காக இறுகிய எந்த மண்ணும் இந்தச் சுமையைத் தாங்கும். தளம் இறங்கியிருக்கிறது என்றால் அடியில் இருந்த மண் நகர்ந்துவிட்டது, அல்லது முதலிலேயே அது இறுகவில்லை. சிமெண்ட் குறைந்தால் தளம் பொரியும், தூசி கிளம்பும், உடையும். இறங்குவது வேறு நோய்.

நம் கரையில் அடிமண் நகர்வதற்கு முதல் காரணம் தண்ணீர். கடற்கரை மணலில் பிடிப்புக்கான களி கிடையாது. அசையாமல் இருக்கும்வரை அது நல்ல அடிமானம். ஓடும் தண்ணீர் பட்டால் கூடவே கிளம்பிவிடும். 1,000 சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 4,600 லிட்டர் தண்ணீர் இறங்குகிறது. அத்தனையும் ஒன்றிரண்டு குழாய் வழியாகத் தளத்தின் ஓரத்திலேயே கொட்டினால் அடியில் இருக்கும் மணல் என்ன ஆகும்? இதோடு கசியும் கழிவுநீர்க் குழாய், நிரம்பி வழியும் நிலத்தடித் தொட்டி எல்லாம் சேர்ந்துகொள்கின்றன.

இரண்டாவது காரணம் நிரப்பு மண். பள்ளமான மனைகளில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, இறுக்காமல் அதே மாதத்தில் தளம் போட்டுவிடுகிறார்கள். செப்டிக் டேங்க், தொட்டி, அஸ்திவாரம் இவற்றின் ஓரத்தில் வெட்டிய குழியை அள்ளிப்போட்டு மூடுவதும் இதே கதைதான். உங்கள் தளம் சுவரை ஒட்டி இரண்டு மூன்று அடி அகலத்துக்கு மட்டும் இறங்கியிருந்தால், அந்த இடத்தில் ஒரு காலத்தில் குழி இருந்தது என்று துணிந்து சொல்லலாம்.

அடுத்தது, நிரப்பிய மண்ணின் குணம். கண்மாய்க் கரம்பை, அதாவது கண்மாயில் படிந்த களிமண், வயலுக்குப் பொன்னானது. வீட்டுக்கு அடியில் ஆகாது. காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் வீங்கும். மட்கும் பொருள்களும் உண்டு: தோண்டி எடுக்காமல் விட்ட பனந்தூர், சீமைக்கருவேல வேர், சென்ட்ரிங் பலகைத் துண்டு. கறையான் தின்று முடித்ததும் அந்த இடம் வெற்றிடமாகிவிடும். பெருச்சாளி வளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே வளை ஒரு நடைபாதையைக் கவிழ்த்துவிடும்.

என் வீட்டில் இவற்றில் எது காரணம் என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தட்டிப் பாருங்கள். கடப்பாரையின் மொட்டை முனையாலோ கனமான சுத்தியலாலோ தளத்தின்மேல் அடிக்கு அடி மெல்லத் தட்டிக்கொண்டே போனால், அடியில் மண் ஒட்டியிருக்கும் இடத்தில் கெட்டியான சத்தம் வரும். வெற்றிடம் இருக்கும் இடத்தில் பறை போல அதிரும். அதிரும் இடத்தைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள். கோடு எந்தக் குழாயை, எந்தத் தொட்டியை, எந்த மரத்தை நோக்கி நீள்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பிறகு ஒரு இரும்புக் கம்பியைத் தளத்தின் ஓரத்தில், பக்கவாட்டில் செருகிப் பாருங்கள். தடையில்லாமல் முழங்கை ஆழம் போனால் அடியில் ஒன்றும் இல்லை. இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் எங்கோ கசிவு. மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வருவது இவை எல்லாவற்றையும்விட மேல்.

கழிவுநீர் சேம்பரின் மூடியையும் திறந்து பாருங்கள். பெரியபட்டினம் பக்கம் ஒரு வீட்டில் துவைக்கும் கல்லடியில் இருந்த தளம் சரிந்திருந்தது. ஒரு மூலையை உடைத்தபோது உள்ளே தோள்வரை கை நுழையும் பொந்து. அதன் அடியில் ஈரமணல் வரிவரியாக அரித்து, குழாய் வளைவின் இணைப்பை நோக்கிச் சரிந்து கிடந்தது. இணைப்பில் நகக்கண் அளவு பிளவு. அதற்கு அடுத்த சேம்பரின் அடியில் வெள்ளை மணல் படிந்திருந்தது. பொந்தில் இருந்த அதே மணல். கால் கழுவும்போது வரும் மண் என்று நினைத்து அந்த வீட்டம்மா வருடக்கணக்காக அதை அள்ளி வெளியே கொட்டியிருக்கிறார். அள்ளியது அவருடைய தளத்தின் அடிமானம். சேம்பரில் தொடர்ந்து மணல் சேர்ந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு முறையாவது கேட்டுவிடுங்கள்.

விரிசல் சித்திரையில் திறக்கிறது, கார்த்திகையில் மூடிக்கொள்கிறது. தானாகச் சரியாகிவிடுமா?

ஆகாது. அடியில் களிமண் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. முதுகுளத்தூர், கமுதி பக்கத்துக் கரிசலில் இது வழக்கம். கரையோரத்தில் பார்த்தால் கண்மாய் மண் நிரப்பிய மனை என்று பொருள். விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் கோடு இழுத்து, தேதி எழுதி, இடைவெளியை மாதம் ஒரு முறை அளந்து எழுதிவையுங்கள். ஒரு வெயிலும் ஒரு மழையும் கடந்தால் மண்ணின் மூச்சு தெரிந்துவிடும்.

இந்த வகைத் தளத்தைக் கோடையில் தூக்கி மட்டம் பார்க்காதீர்கள். காய்ந்து சுருங்கிய நிலையில் நீங்கள் சமன் செய்ததை, மழைக்காலத்தில் வீங்கும் மண் இன்னும் மேலே தள்ளிவிடும். தளத்தைச் சுற்றி ஈரம் ஒரே சீராக இருக்கும்படி பார்த்துக்கொள்வதே இங்கே முதல் மருந்து: ஓரத்தில் மழைநீர் தேங்கக் கூடாது, மரங்கள் ஒட்டி நிற்கக் கூடாது. அடுத்து, களியைத் தோண்டி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்பிப் புதிதாகப் போடுவது.

எப்போது உடனடியாக இன்ஜினீயரைக் கூப்பிட வேண்டும்?

தளம் மட்டும் இறங்குவது தொந்தரவு. சுவர் இறங்குவது ஆபத்து. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பினால், கதவு திடீரென நிலையில் பிடித்தால், தூணடியில் பிளவு தெரிந்தால், அஸ்திவாரம் நகர்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அங்கே தளத்தைத் தூக்குவதைப் பற்றிப் பேசுவதே வீண். கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்க்கட்டும்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இறங்கியிருப்பது செப்டிக் டேங்க் மூடியோ அதை ஒட்டிய தளமோ என்றால், அந்த இடத்தைக் கயிறு கட்டி அடைத்துவிடுங்கள். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்த பழைய மூடி, குழந்தையின் எடைக்குக்கூட உடையலாம். என்ன ஆயிற்று என்று பார்க்க ஒருவரையும் உள்ளே இறக்காதீர்கள். நச்சுவாயு ஒரு மூச்சில் ஆளை வீழ்த்தும். கூலிக்கு ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. உறிஞ்சு லாரியை வரவழைத்துக் காலி செய்த பிறகுதான் வேலை.

மேலே ஒரு சிமெண்ட் பூச்சுப் போட்டு மட்டம் செய்தால் போதாதா? மேஸ்திரி அதைத்தான் சொல்கிறார்.

அடியில் வெற்றிடம் இருந்தால் போதாது. பூச்சு புதிதாக எடையைக் கூட்டுகிறது. பொந்து அப்படியே இருக்கிறது. அடுத்த மழையில் பூச்சும் சேர்ந்து இறங்கும்.

தளம் இறங்கி முடிந்துவிட்டது, ஓரிரு மழைக்காலமாக அசையவில்லை, தட்டினால் கெட்டியாக இருக்கிறது, தண்ணீர் ஓடுவதற்கான வாட்டம் மட்டும் தப்பியிருக்கிறது என்றால் மேல்பூச்சு நல்ல வழி. பழைய பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசி துளியும் இல்லாமல் கழுவி, பிடிப்புக்கான லேடெக்ஸ் திரவம் கலந்த சிமெண்ட் பால் தடவி, அது காய்வதற்குள் புதுக் கான்கிரீட் விழ வேண்டும். சாதாரண கான்கிரீட் என்றால் ஒன்றரை முதல் இரண்டு அங்குலக் கனமாவது வேண்டும். அதைவிட மெல்லியதாகத் தேவைப்பட்டால் பாலிமர் கலந்த பழுதுபார்க்கும் கலவை கடையில் கிடைக்கிறது. வெறும் சிமெண்டும் மணலும் குழைத்து அரை அங்குலம் இழுத்தால், நம் வெயிலில் ஒரே கோடையில் அப்பளமாகப் பெயர்ந்துவிடும்.

இரண்டு தளம் சேரும் இடத்தில் ஒரு விளிம்பு தூக்கி நிற்கிறது. அப்பாவுக்குக் கால் தடுக்குகிறது.

வயதானவர்கள் உள்ள வீட்டில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். உயர வித்தியாசம் கால் அங்குலத்தைச் சுற்றி இருந்தால், வைரப் பல் உள்ள கிரைண்டரால் உயர்ந்த விளிம்பைச் சாய்வாக இழைத்துவிடலாம். அரை நாள் வேலை. வித்தியாசம் அதிகமென்றால் இழைப்பது கனத்தைத் தின்றுவிடும். கம்பி இருந்தால் அது வெளியே தெரியும். அப்போது இறங்கிய பக்கத்தை உயர்த்துவதே சரி. இழைக்கும்போது கிளம்பும் தூசி நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் விட்டு இழைக்கச் சொல்லுங்கள், வேலை செய்பவருக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

தளத்தை உடைக்காமலேயே தூக்கி நிறுத்த முடியும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். தளத்தில் துளைபோட்டு, அடியில் கலவையை அழுத்தத்தோடு செலுத்தினால் தளம் மெல்ல எழும். வெளிநாடுகளில் பல பத்தாண்டுகளாக நடக்கும் வேலை. இரண்டு வகை இருக்கிறது.

பழைய வகையில் சிமெண்ட், நுண்மண் அல்லது அனல்மின் நிலையச் சாம்பல், தண்ணீர் கலந்த கூழைச் செலுத்துவார்கள். துளைகள் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம். மூன்று நான்கு அடிக்கு ஒன்று. ஒரே துளையில் முழுவதும் செலுத்தாமல், துளைக்குத் துளை மாறி மாறி, சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். மேலே சொன்ன கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: தளத்தின் எடை சதுர அடிக்கு 22 கிலோதான். அவசரப்பட்டு அழுத்தத்தைக் கூட்டினால் தளம் எழுவதற்குப் பதிலாக உடையும். கூழ் கனமானது என்பது இதன் குறை. அடிமண் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் கூடுதல் பாரம் அதை மேலும் அமுக்கும்.

புதிய வகை பாலியூரிதேன் நுரை. துளை விரலளவுகூட இருக்காது, 16 மி.மீ. அளவே. இரண்டு திரவங்கள் துப்பாக்கி முனையில் கலந்து, அடியில் பொங்கி, சில நிமிடங்களில் இறுகிவிடும். நுரை மிக இலேசானது, தண்ணீரில் கரையாது, வேலை முடிந்த அன்றே தளத்தில் நடமாடலாம். விலை அதிகம். வெயில் நேரடியாகப் பட்டால் நுரை சிதையும்; ஆகவே ஓரங்களை மண் போட்டு மூடியே வைக்க வேண்டும். பெருநகரங்களில் தொழிற்சாலைத் தரைகளுக்கும் கிடங்குகளுக்கும் செய்யும் நிறுவனங்களைத்தான் இதற்குத் தேட வேண்டியிருக்கும். ஒரு வீட்டு வாசலுக்காக அவர்களின் இயந்திரமும் ஆட்களும் இவ்வளவு தூரம் வருவதற்கு ஆகும் செலவில், வாசலை உடைத்துப் புதிதாகவே போட்டுவிடலாம். பெரிய திருமண மண்டபம், மீன் பதப்படுத்தும் கூடம், பள்ளித் தாழ்வாரம் என்றால் கணக்கு மாறும். நாள்கணக்கில் பயன்பாட்டை நிறுத்திவைக்க முடியாத இடங்களுக்கு நுரை ஏற்றது.

எந்த வகையானாலும், பல துண்டாக உடைந்த தளம் இதற்கு உதவாது. முழுசாக இருக்கும் தளம், ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தது, மண்ணை அரித்த தண்ணீர் வரும் வழி அடைக்கப்பட்டுவிட்டது: இந்த மூன்றும் பொருந்தினால் மட்டும் யோசியுங்கள்.

அந்த இயந்திரம் எதுவும் இல்லாமல் உள்ளூர்க் கொத்தனாரை வைத்து ஏதாவது செய்யலாமா?

தூக்க முடியாது. ஆனால் மேலும் இறங்காமல் நிறுத்தலாம். நம் ஊர்களுக்கு நான் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான்.

தட்டிப் பார்த்துக் கோடு போட்ட பகுதியில் மூன்று நான்கு அடிக்கு ஒன்றாக இரண்டு அங்குலத் துளை போடுங்கள். கூழ் தோட்டத்துக்கோ சேம்பருக்கோ ஓடிவிடாதபடி தளத்தின் வெளியோரங்களைக் கலவையால் அடைத்து ஒரு நாள் விடுங்கள். பிறகு ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு அனல்மின் நிலையச் சாம்பலோ சலித்த நுண்மணலோ சேர்த்து, ஊற்றினால் தானாக ஓடும் பதத்துக்குக் கரையுங்கள். துளையில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பி.வி.சி. குழாயை நிறுத்தி, மேலே புனல் வைத்து மெதுவாக ஊற்றினால் உயரமே அழுத்தம் தரும். பக்கத்துத் துளையில் கூழ் எட்டிப்பார்த்ததும் இதை அடைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மிகத் தாழ்ந்த இடத்தில் தொடங்குங்கள்.

10 அடிக்கு 10 அடித் தளத்துக்கு அடியில் சராசரி ஒரு அங்குல வெற்றிடம் என்றால் எட்டேகால் கன அடிக் கூழ் வேண்டும். ஊற்றிக்கொண்டே இருக்கிறீர்கள், கணக்கைத் தாண்டி இறங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் நிறுத்துங்கள். கூழ் உடைந்த குழாய்க்குள்ளோ தொட்டிக்குள்ளோ போகிறது. கழிவுநீர்க் குழாய்க்குள் சிமெண்ட் இறுகிவிட்டால் அதைப் பெயர்த்து எடுக்கும் வேதனை தளம் இறங்கியதைவிடப் பெரிது. குழாயை முதலில் சரிசெய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

வெற்றிடம் நிரம்பி இறுகிய பிறகு, தாழ்ந்த மட்டத்தை மேல்பூச்சால் சரி செய்துகொள்ளலாம்.

உடைத்துவிட்டுப் புதிதாகப் போடுகிறோம். மறுபடி இறங்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பழைய கான்கிரீட்டை அகற்றியதும் அவசரப்படாமல் மண்ணைப் பாருங்கள். கறுத்த களி, வேர், குப்பை, சாக்கு, பலகை எது தெரிந்தாலும் கெட்டி மண் வரும்வரை எடுத்துவிடுங்கள். திரும்ப நிரப்புவதை ஆறு அங்குலத்துக்கு ஓர் அடுக்காக, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையாலோ வாடகை இயந்திரத்தாலோ இடித்து ஏற்றுங்கள். ஒரேயடியாக இரண்டு அடி கொட்டி மேலே மட்டும் இடிப்பது கண்துடைப்பு. மணல் நிரப்பித் தண்ணீர் கட்டி இறக்கும் வழக்கம் சுத்தமான மணலுக்கு ஓரளவு சரி. மண் கலந்ததற்கு ஆகாது, அது சேறாகும்.

இடித்த மண்ணின்மேல் நாலு அங்குலம் கிராவலோ ஜல்லித்தூளோ. அதன்மேல் ஒரு பங்கு சிமெண்ட், நாலு பங்கு மணல், எட்டு பங்கு 40 மி.மீ. ஜல்லி போட்ட அடிக்கான்கிரீட். பிறகு பாலித்தீன் தாள், அதற்கு மேல் நாலு அங்குலத் தளம். நிலத்தடி உப்பு நீர் கசிந்து மேலே வந்து வெள்ளையாகப் பூப்பதை அந்தத் தாள் பெருமளவு தடுக்கும். கார் ஏறும் இடமென்றால் ஐந்து அங்குலம்.

தளத்தைச் சுவரோடும் தூணோடும் ஒட்டவிடாதீர்கள். அரை அங்குலம் தெர்மாகோலோ தார் அட்டையோ நடுவில் வையுங்கள். வீடும் தளமும் அவரவர் போக்கில் அசையட்டும். நாலு அங்குலத் தளத்துக்கு எட்டு முதல் பத்து அடிக்கு ஒரு வெட்டு இருக்க வேண்டும். வெட்டு போடாவிட்டால் கான்கிரீட் தானே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து விரிசல் விடும். வாட்டம், வீட்டிலிருந்து வெளியே, பத்து அடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம். ரசமட்டத்தை நம்புவதைவிட, நீர் நிரப்பிய டியூப்பை வைத்துக் குறித்த நூல்தான் நம்பத் தகுந்தது.

மாடிக் குழாயின் வாயைத் தளத்துக்கு அப்பால், மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்குக் கொண்டுபோய்விடுங்கள். அந்தக் குழியும் சுவரிலிருந்து தள்ளியே இருக்கட்டும். இதைச் செய்யாமல் மற்ற அத்தனையும் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வார்ப்பதுதான்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதில் கலவை போட்டால் என்ன?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே இதில்தான் பணம் அதிகம் பாழாகிறது.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 : 2000 கலவைத் தண்ணீரில் குளோரைடு உப்புக்கு எல்லை வைத்திருக்கிறது: கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் வரை, கம்பி போட்டதற்கு 500 மில்லிகிராம் வரைதான். வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீர் இரண்டாவது எல்லையைத் தாண்டியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஊகத்தில் விடாமல் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கடல் நீரைக் கலவைக்கும் ஈரப்படுத்துவதற்கும் பரிந்துரைப்பதில்லை என்று அந்தத் தரநிலை தனியே சொல்கிறது. கழுவாத கடற்கரை மணலும் வேண்டாம், எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்த மணல்) வாங்குங்கள்.

உப்பு கான்கிரீட்டைவிடக் கம்பியைத்தான் முதலில் தின்கிறது. துரு, இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். உள்ளிருந்து உப்பி, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். மண்டபம் கரையின் காற்று எவ்வளவு கடுமையானது என்றால், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பை ஆராய அங்கேயே ஒரு நிலையம் வைத்திருக்கிறது.

நல்ல தண்ணீருக்கு லாரி வாடகை கட்டுப்படியாகாது என்கிறவர்களுக்கு ஒரு செய்தி: 10 அடிக்கு 10 அடி, நாலு அங்குலத் தளத்துக்குக் கலவைத் தண்ணீர் ஏறக்குறைய 170 லிட்டர்தான். ஒரு பேரல் அளவு! வாழ்நாள் முழுக்க மிதிக்கப்போகும் தளத்துக்கு ஒரு பேரல் நல்ல தண்ணீரை மிச்சம் பிடிக்காதீர்கள். ஈரப்படுத்தத்தான் அதிகம் வேண்டும். அதிலும் நனைத்த சாக்கை விரித்து மேலே பாலித்தீன் தாளால் மூடிவிட்டால் தண்ணீர் ஆவியாகாது. பாதிக்குப் பாதி மிச்சமாகும். சாதாரண சிமெண்டுக்கு ஏழு நாளாவது, சாம்பல் கலந்த சிமெண்டுக்கும் கடுங்கோடைக்கும் பத்து நாளாவது ஈரம் காய விடக் கூடாது. சாம்பல் கலந்த சிமெண்டோ இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்டோ உப்பு ஊடுருவுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் நம் கரைக்கு அவையே பொருத்தம்.

கம்பி நிறையப் போட்டால் தளம் இறங்காதல்லவா?

கம்பி விரிசலைப் பிடித்துவைக்கும், மண்ணைப் பிடித்துவைக்காது. வாசல், நடைபாதைக்குக் கம்பியே வேண்டாம் என்பது என் கருத்து. உப்புக் காற்றில், மேலே ஒரு அங்குலக் கான்கிரீட் மறைப்போடு போட்ட கம்பி தளத்தின் ஆயுளைக் குறைக்கவே செய்யும். கார் நிறுத்துமிடத்துக்குக் கட்டாயம் வேண்டுமென்றால் தரநிலையின்படி கடலோரக் காற்றில் திறந்திருக்கும் கான்கிரீட்டுக்கு எம்-30 என்ற வலிமைத் தரமும், கம்பிக்கு 45 மி.மீ. மறைப்பும் தேவை. அதற்கு நாலு அங்குலக் கனம் போதாது.

தளம் இறங்காமல் ஓரிடத்தில் மேலே உப்பி, விரிசலில் பழுப்புக் கறை தெரிந்தால் அது மண்ணின் வேலை அல்ல, துரு. அங்கே கூழ் ஊற்றுவதும் பூசுவதும் பயன்படாது. கம்பியை வெளிப்படுத்திச் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டும்.

பேவர் பிளாக் போட்டுவிடலாமா?

கடற்கரை மணல் மனைகளுக்கு நான் மனதாரச் சொல்லும் வழி இது. மண் சற்று இறங்கினாலும் கல்லைப் பெயர்த்து, மணல் சேர்த்து இடித்து, அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். கம்பி இல்லை, ஆகவே துரு இல்லை. நடைபாதைக்கும் வீட்டுக் காருக்கும் 60 மி.மீ. கல் போதும், லாரி வருமென்றால் 80. ஓரத்தில் கான்கிரீட் கட்டை கட்டாயம். அது இல்லாவிட்டால் மணல் பக்கவாட்டில் நழுவி, வரிசை விரிந்துவிடும். இடித்து இறுக்கும் வேலை இதற்கும் உண்டு, கல் வியாபாரி அது தேவையில்லை என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

வீட்டுக்குள் டைல்ஸ் தரை நடுவில் தாழ்ந்திருக்கிறது. சுவர்கள் நன்றாக இருக்கின்றன.

பேஸ்மெண்டில், அதாவது தரைக்கு அடியில் சுவர்களுக்கு நடுவே, நிரப்பிய மண் இறுகித் தாழ்ந்திருக்கிறது. சுவர் அஸ்திவாரத்தில் நிற்பதால் அது அசையவில்லை. குளியலறையை ஒட்டிய அறை என்றால் குழாய்க் கசிவைத் தேடுங்கள். அசைவு நின்றுவிட்டதென்றால் அந்தப் பகுதி டைல்ஸை எடுத்து, துளைபோட்டு வெற்றிடத்தை நிரப்பி, மட்டம் செய்து திரும்ப ஒட்டலாம். அதே வண்ண டைல்ஸ் கடையில் கிடைக்காது என்பதால் பெயர்ப்பவரிடம் முழுசாக எடுக்கச் சொல்லுங்கள்.

எந்த மாதத்தில் செய்வது நல்லது?

தையும் மாசியும். பருவமழை ஓய்ந்து மண் தன் நிலைக்கு வந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. மழை நடக்கும்போதே எங்கே தேங்குகிறது, எங்கே உறிஞ்சுகிறது என்று குறித்து வைத்திருந்தால் தையில் அது கைகொடுக்கும். ஆனி, ஆடிக் காற்றில் பச்சைக் கான்கிரீட்டின் மேல்தோல் மணிக்கணக்கில் வறண்டு பல்லிக்கால் விரிசல் விடும். அப்போதுதான் முடியும் என்றால் மாலையில் ஊற்றி, தேய்த்த கையோடு தாளால் மூடிவிடுங்கள்.

ஒப்பந்தம் பேசும்போது எதைக் கேட்க வேண்டும்?

சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், அடிமண்ணுக்கு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். எத்தனை அடுக்கு, எதனால் இடிப்பது, கசிவை யார் சரிசெய்வது, உடைத்த கான்கிரீட்டை யார் அப்புறப்படுத்துவது, கலவைத் தண்ணீர் எங்கிருந்து, எத்தனை நாள் ஈரம் காப்பது. இவற்றைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். விலைப்பட்டியலில் சிமெண்ட், ஜல்லி, கூலி மட்டும் இருந்து மண் இடிப்பு என்ற வரியே இல்லையென்றால், அந்த வேலை நடக்கப்போவதில்லை. ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்கு ஏழெட்டு மூட்டை சிமெண்ட் ஆகும் என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மூட்டையை எண்ணுங்கள். கடைசித் தவணையில் ஒரு பகுதியை முதல் மழை முடியும்வரை நிறுத்திவைப்பதாக முன்கூட்டியே பேசிவிடுங்கள். மனசுத்தத்தோடு வேலை செய்பவர் அதற்கு ஒப்புக்கொள்வார்.

புதுத் தளத்தில் எப்போது கார் ஏற்றலாம்?

மறுநாள் நடக்கலாம். இரு சக்கர வாகனத்துக்கு ஒரு வாரம். காருக்கு இரண்டு வாரம் பொறுங்கள், சாம்பல் கலந்த சிமெண்ட் மெதுவாகத்தான் பலம் பெறும். தண்ணீர் லாரி, மணல் லாரி போன்றவை 28 நாளுக்குப் பிறகும் நாலு அங்குலத் தளத்தில் ஏறக் கூடாது. அவற்றைத் தெருவிலேயே நிறுத்திக் குழாய் இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.